பாங்காக்கின் ஆரஞ்சுக் கொடி படகு: கடைசி நாளுக்கு இதுவே போதும்

பாங்காக்கில் கடைசி நாள் என்றால் எல்லோரும் மால் பக்கம்தான் கைகாட்டுகிறார்கள். ஏசி உண்டு, நேரம் போகும், மிச்சப் பணமும் போகும். ராத்திரி விமானம், காலையிலேயே ரூமைக் காலி செய்தாக வேண்டும், கூட யாரும் இல்லை. இந்த நிலையில் மால்களை விட நல்ல இடம் சாவோ பிரயா ஆறுதான் என்பது என் கட்சி. அந்த ஆற்றில் ஓடும் பயணிகள் படகுகளைக் கொடியின் நிறத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள், நான் தேடிப் போனது ஆரஞ்சுக் கொடி. பெட்டியை ஓட்டலிலேயே விட்டுவிட்டு, சபான் தக்சின் ஸ்டேஷனில் இறங்கினேன். ரயில் படியை விட்டு இறங்கினால் எதிரிலேயே சதோர்ன் படகுத்துறை.

அங்கே முதலில் எதிர்ப்படுவது படகு அல்ல, ஆள் பிடிப்பவர்கள். "ஆரஞ்சு இப்போது வராது, இதில் ஏறுங்கள்" என்று ஒருவர் விலை கூடின டிக்கெட்டை நீட்டினார். சிரித்துவிட்டு நகர்ந்தேன். பத்து நிமிடத்தில் ஆரஞ்சுக் கொடி வந்தது. நீலக்கொடி சுற்றுலாப் பயணிகளுக்கு. மஞ்சள் கொடி ஆபீஸ் நேரத்தில் ஓடும் விரைவுப் படகு, எல்லாத் துறையிலும் நிற்காது. ஊர்க்காரர்களோடு நின்று நின்று போக வேண்டுமென்றால் ஆரஞ்சுதான்.

நான் போனபோது எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். கண்டக்டர் அம்மா கையில் நீளமான தகர உருளை ஒன்று. உள்ளே டிக்கெட் சுருளும் சில்லறையும். அதை 'சல் சல்' என்று ஆட்டிக்கொண்டே கூட்டத்தில் நுழைகிறார், கேட்டதும் கைகள் தானாக நீளுகின்றன. உருளையின் விளிம்பிலேயே டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார். கடைசி நாளுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஊருக்கு வந்தபின் பாட் நோட்டையாவது மாற்றலாம், நாணயத்தை எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டார். என் பர்ஸில் கனத்துக்கொண்டிருந்த சில்லறை எல்லாம் இந்த உருளைக்குள்தான் போனது.

எனக்குப் பிடித்தது பின்பக்கம். படகோட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதால் படகின் வால் அவருக்குத் தெரியாது. பின்னால் நிற்கும் பையன் விசிலடித்தே வழி சொல்கிறான்: நீளமாக ஒன்று, குட்டி குட்டியாக நாலைந்து, அப்புறம் கயிறு துறையின் கட்டையில் விழுகிறது. படகு ஒட்டி நிற்பது சில விநாடிகள்தான். அதற்குள் ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறிவிடுகிறது. பிக்குகள் நிற்கத் தனி இடம் இருக்கிறது. பெண்கள் அவர்கள் மேல் படாமல் தள்ளி நிற்க வேண்டும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாக் க்லோங் தலாட் பூச்சந்தையில் இறங்காமல் போகாதீர்கள். மூட்டை மூட்டையாகச் செவ்வந்தி, ஐஸ் மேல் மல்லிகை. ஒரு கடையில் தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துக்கொண்டிருந்தார்கள். மடிக்க மடிக்க அது வேறொரு பூவாகிவிடுகிறது. மாலைகளில் எருக்கம்பூவும் கோத்திருந்தது. நம் ஊரில் பிள்ளையாரோடு சரி, இங்கே கோயிலுக்கு, காருக்கு, கல்யாணத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

வாட் அருண் கோயிலைப் படகிலிருந்து பார்த்தாலே பாதி திருப்தி. மீதிக்கு இறங்கத்தான் வேண்டும். தூரத்தில் வெறும் வெள்ளையாகத் தெரியும் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள், பக்கத்தில் போனால்தான் பச்சையும் ரோஸுமாகப் பூ விரிகிறது. உள்ளே தனி டிக்கெட், முட்டி மறையும் உடை. வாடகைப் பட்டுடையில் போட்டோ எடுப்பவர்கள் கூட்டம் தாங்கவில்லை, நான் அதிக நேரம் நிற்கவில்லை.

அதன் பிறகு பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். நான் கடைசித் துறையான நோந்தபுரி வரை உட்கார்ந்தே போனேன். உட்கார இடம் கிடைத்ததே அவர்கள் இறங்கிய பிறகுதான். 2002இல் திறந்த ராமா 8 பாலம் ஒற்றைத் தூணில் கம்பிகளை இழுத்துப் பிடித்து நிற்கிறது, அதன் கீழே போகும்போது மட்டும் எல்லோரும் போனை எடுத்தார்கள். நோந்தபுரியில் துறையை ஒட்டியே சந்தை. டூரிஸ்ட் விலை இல்லை, இங்கிலீஷும் இல்லை. விரலைக் காட்டி வாங்கிய வறுத்த வாழைப்பழம் பிரமாதம்.

யாருக்குச் சரிவராது? பெட்டியோடு வருபவர்களுக்கு, முட்டிவலிக்காரர்களுக்கு, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. படகுக்கும் துறைக்கும் நடுவே இடைவெளி ஆடிக்கொண்டே இருக்கும், ஏறுவது ஒரே எட்டு. பின்பக்கம் எஞ்சின் சத்தம், டீசல் வாடை. சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் நிற்கவே இடம் இருக்காது, இருட்டிய பிறகு இதை நம்பவும் கூடாது.

அதனால் மூன்று மணிக்குள் திரும்பும் படகைப் பிடித்துவிடுங்கள். சதோர்னில் இறங்கி, ஓட்டலில் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஸ்கை ட்ரெயினில் சியாம் ஸ்டேஷன் போய் மாறி பயா தாய் ஸ்டேஷன். அங்கிருந்து ஏர்போர்ட் ரயிலில் அரை மணிக்குள் சுவர்ணபூமி விமான நிலையம். டாக்ஸியில் போனால் அந்த நேரத்து டிராபிக்கில் எப்போது போய்ச் சேர்வீர்கள் என்று டிரைவருக்கே தெரியாது.