போர் நேரத்தில் கிரிப்டோ ஆப்: கீழக்கரையிலிருந்து என் அனுபவம்

"பிட்காயின் விலை இறங்கியிருக்கே மச்சான், போர் நின்னா ஏறிடும்ல, இப்ப போட்டு வைக்கவா?" என்று கூட்டாளி கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பிட்காயின் போன்ற கிரிப்டோ, அதாவது இணையத்தில் மட்டும் புழங்கும் நாணயங்களை வாங்கி விற்க 2022 முதல் ஒரே ஆப்தான் என் கையில்.

எங்கள் ஊரில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. 2025 ஜூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்க ராணுவத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டபோது, தங்கச்சி தோஹாவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரே களேபரம். என் போனிலோ முதலில் ஆடிய பிட்காயின் விலை ஏறத் தொடங்கியது. சண்டை பெருசாகாது என்று சந்தை நினைக்கிறது, பயப்படாதே என்றேன். மறுநாளே போர்நிறுத்தப் பேச்சு. முந்தின ஞாயிறன்று ஒரு லட்சம் டாலருக்குக் கீழே போன விலை 1,05,000ஐத் தாண்டியது. இந்த ஆப் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். 2024 ஏப்ரல் 13 சனிக்கிழமை இஸ்ரேல் மீது ஈரான் ட்ரோன்களை ஏவியபோது நமக்குச் சித்திரை முதல் நாள் அதிகாலை. பங்குச் சந்தைக்கு விடுமுறை. பயந்தவன் விற்றுக் காசாக்கத் திறந்திருந்த ஒரே கடை கிரிப்டோ. 67 ஆயிரம் டாலரை ஒட்டி இருந்த பிட்காயின் விலை 62 ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. விற்கும் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு "பராமரிப்புப் பணி" என்றொரு அறிவிப்பு. ஒவ்வொரு பதற்றத்திலும் இதே கதை. சும்மா இருக்கும் நாளில் மட்டும் ஓடுகிற ஆப் எதற்கு?

போர் என்றாலே விழும் என்பதும் சரியில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் 35 ஆயிரம் டாலருக்குக் கீழே போனது, ஒரு வாரத்துக்குள் 44 ஆயிரத்தைத் தொட்டது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய அதே நாட்களில், அமெரிக்கா பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தச் செய்தியில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. கச்சா எண்ணெயைத் தொடும் சண்டையா என்று பாருங்கள். எண்ணெய் ஏறினால் விலைவாசியும் ஏறும், வட்டி குறையாது என்ற பயத்தில்தான் விற்கிறார்கள். அதைவிடக் கொடியது கடன் வாங்கி, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது. 2025 அக்டோபர் 10 அன்று விலை விழுந்ததற்குப் போர் காரணமில்லை. சீனா மீது 100 சதவீதக் கூடுதல் வரி என்றார் டிரம்ப், அவ்வளவுதான். 1,900 கோடி டாலருக்கு மேல் கடன் பந்தயங்கள் ஒரே நாளில் கரைந்தன.

நியாயமாகச் சொன்னால் ரூபாய் போடுவதிலும் எடுப்பதிலும் எனக்குக் குறையே வந்ததில்லை, வரிக் கணக்கு அறிக்கையும் சுத்தம். ஆனாலும் மச்சான், போடாதீங்க. லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்றால் 1 சதவீதம் டிடிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வரி, நஷ்டத்தைக் கழிக்கவும் வழியில்லை. துபாயிலிருந்து உங்கள் மகன் அனுப்பும் காசை, பதற்றம் வந்தால் உறைந்து நிற்கும் ஒரு ஆப்பில் பூட்டி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். என் கணக்கை மட்டும் மூடப்போவதில்லை.