டிராகன்ஸ்பெர்க் ஏற எந்தக் கேமரா: நிக்கானா, ஃபூஜியா, சோனியா?

யாருக்கு இந்த அலசல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் நிக்கான் டி7200 போல 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (35 மிமீ ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமரா இருக்கிறது. கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாகத்தான் எடுக்கிறீர்கள், டிரைபாட் இல்லாமல் கிளம்புவதில்லை. சனிக்கிழமை விடியலில் டர்பன் பக்கத்து உம்ட்லோட்டி கடற்கரைப் பாறைகள், நீண்ட வார இறுதி கிடைத்தால் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர். அடுத்த படி எது?

மூன்றை வைத்துப் பார்க்கலாம். நிக்கான் இசட்7 டூ (2020, ஃபுல் ஃப்ரேம், அதாவது 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார், 45.7 மெகாபிக்சல்), ஃபூஜி எக்ஸ்-டி5 (2022, கிராப் சென்சார், 40.2 மெகாபிக்சல்), சோனி ஏ7ஆர் த்ரீ (2017, ஃபுல் ஃப்ரேம், 42.4 மெகாபிக்சல்). நிக்கானையும் சோனியையும் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், அப்போதுதான் மூன்றும் ஒரே பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வரும்.

மெகாபிக்சலை ஒரு வரியில் முடித்துவிடலாம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பிரிண்ட் போட்டால் டி7200 படம் 20 அங்குல அகலம் வரும், எக்ஸ்-டி5 படம் கிட்டத்தட்ட 26, இசட்7 டூ படம் 27.5. புதிய கேமராக்களுக்குள் சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

அடுத்தது எடை. ஃபூஜி வாங்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் முதலில் எடுத்து வீசுவது இதைத்தான். சென்டினல் பாதையில் சங்கிலி ஏணிகளில் தொற்றி ஏறும்போது முதுகில் ஒவ்வொரு கிராமும் தெரியும் என்பது உண்மை. ஆனால் கூட்டிப் பாருங்கள். பேட்டரி, கார்டுடன் இசட்7 டூ 705 கிராம், 14-30 எஃப்4 லென்ஸ் 485, ஆக 1,190. எக்ஸ்-டி5 557, சாரலைத் தாங்கும் 10-24 எஃப்4 லென்ஸ் 385, ஆக 942. வித்தியாசம் கால் கிலோ. இரண்டாவது ஜூமாக நிக்கான் 24-120, ஃபூஜி 16-80 சேர்த்தாலும் வித்தியாசம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தாண்டாது. அரை கிலோ குறைக்க வேண்டுமென்றால் நான் டிரைபாடில்தான் கை வைப்பேன்.

வித்தியாசம் தெரிவது வெளிச்சத்தில். நம் பக்கத்து டிராகன்ஸ்பெர்க் சுவர் கிழக்கு பார்த்தது. காலையில் ராயல் நேட்டால் பூங்காவில் துகேலா ஆற்றங்கரையில் நின்றால் ஆம்ஃபிதியேட்டர் என்கிற மலைச்சுவரின் பாறை பொன்னாக எரியும், காலடியில் ஆறும் புல்லும் இன்னும் இருட்டில் கிடக்கும். பிற்பகலில் கதை தலைகீழ். சூரியன் சுவருக்குப் பின்னால் போய்விடும், பாறை கறுத்துவிடும், மேலே வானம் கண் கூசும். காலையோ மாலையோ, ஒரே ஃப்ரேமில் கடும் வெளிச்சமும் கடும் நிழலும். வானம் வெளுக்காமல் எடுத்துவிட்டு நிழலைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கி வெளிச்சமாக்குவதுதான் வழி. எந்த சென்சார் அதைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

இங்கே நிக்கான் தெளிவாக முன்னால் நிற்கிறது. அதன் அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் எண்) 64, சோனிக்கு 100, ஃபூஜிக்கு 125. ஃபூஜியிலும் 64 என்று ஒரு எண் இருக்கிறது, ஆனால் அது நீட்டிக்கப்பட்டது. அங்கே போனால் வெளிச்சப் பகுதி சீக்கிரம் வெளுத்துவிடும். 64-இல் ஷட்டர் 125-ஐவிட இரு மடங்கு நேரம் திறந்திருக்கலாம். அதோடு ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பும் இரு மடங்குக்கு மேல். நிழலைத் தூக்கும்போது புள்ளிப்புள்ளியாக வருகிற நாய்ஸ் குறைவதற்கு இவை இரண்டும்தான் காரணம். வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்து ஒட்டிவிட்டால் போயிற்று என்பார்கள். மலைப் புல்லும் அலையும் மூன்று படத்திலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். காற்றடித்து ஷட்டரை வேகமாக வைக்க வேண்டி வந்தால், முன்னாலிருக்கும் பூவும் தூரத்து மலையும் சேர்ந்து கூர்மையாக வேண்டுமென்றால், இந்த லாபம் கரைந்துவிடும். ஃபூஜியில் எஃப்8 துவாரம் தருகிற கூர்மை ஆழத்துக்கு நிக்கானில் எஃப்12 பக்கம் போக வேண்டும், அதற்காக ஐஎஸ்ஓவையும் ஏற்ற வேண்டும். அப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே படம்தான்.

டி7200 வைத்திருப்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தப் பழைய சென்சாரே நிழலைத் தூக்குவதில் பேர்போனது. எக்ஸ்-டி5-க்குப் போனால் பிக்சல் கூடும், பாடியிலேயே நடுக்கத் தடுப்பு கிடைக்கும், நிழலில் பெரிய மாற்றம் தெரியாது. கேனன் 60டி, 70டி காலத்திலிருந்து வருகிறவருக்கோ மூன்றில் எது வாங்கினாலும் கண் திறந்தது போலிருக்கும்.

ஃபூஜிக்கு நான் முழு மதிப்பெண் போடுவது அதன் திரைக்கு. டிரைபாடைத் தரையோடு தாழ்த்தி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தாலும் எக்ஸ்-டி5 திரை உங்கள் பக்கம் சாயும். நிக்கானிலும் சோனியிலும் கிடைமட்டத்துக்கு மட்டும்தான் அந்த வசதி. செங்குத்தாக எடுக்க ஈரப் பாறையில் கன்னம் வைத்துப் படுக்க வேண்டியதுதான். அருவி எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. குறை என்றால், கரும்புத் தோட்டம், காடு போன்ற நெருக்கமான பச்சையில் ஃபூஜியின் ரா ஃபைல் சில மென்பொருளில் புழு நெளிவது போல் தெரியும். மென்பொருள் மாற்றினால் சரியாகும், ஆனால் அது ஒரு வேலை.

நிக்கானிலும் ஒரு பொறி உண்டு. அடாப்டர் போட்டால் பழைய லென்ஸ்கள் ஓடும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஓடும், ஆனால் கிராப் லென்ஸ் போட்டால் படம் 19.5 மெகாபிக்சலுக்குச் சுருங்கும், பழைய கேமராவைவிடக் குறைவு. ஆக, லென்ஸுக்கும் சேர்த்துத்தான் காசு எடுத்து வைக்க வேண்டும். பழைய பேட்டரி பொருந்தும் என்பது ஒரு ஆறுதல். நீண்ட எக்ஸ்போஷருக்கு நிக்கானும் ஃபூஜியும் ரிமோட் இல்லாமலே 15 நிமிடம் வரை போகும், சோனி 30 விநாடியில் நிற்கும், அதற்கு மேல் பல்ப் மோடுதான், அதாவது பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்.

சோனியின் பலம் லென்ஸ் சந்தை. டாம்ரான் 17-28 எஃப்2.8 வெறும் 420 கிராம். ஆட்டோஃபோகஸும் கூர்மையானது. நிலக்காட்சிக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். கேமரா வைத்திருப்பவனை நம் ஆட்கள் எங்கே சும்மா விடுகிறார்கள்? தைப்பூசக் காவடி, அக்கா மகள் கல்யாணம், “தம்பி, நாலு படம் எடுத்துக் குடுப்பா” என்பார்கள். அப்போது சோனிதான் கை கொடுக்கும். ஆனால் முழுத் தரத்தில் ரா எடுத்தால் ஒவ்வொரு ஃபைலும் 80 எம்பிக்கு மேல், திரையும் மங்கல்.

கேனன் ஆர்5 நல்ல கேமராதான். அணைத்தால் ஷட்டர் மூடி சென்சாரைக் காப்பதால் கரூ வறண்ட சமவெளியின் தூசியில் லென்ஸ் மாற்றப் பயமில்லை. ஆனால் பாடியும் லென்ஸும் சேர்ந்தால் பட்ஜெட் எகிறிவிடும். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 கேமராவைக் கடலோரத்துக்கு மட்டும் யோசிக்கலாம். ஃபில்டர் மாட்டாமலே அலையைப் பாலாக்கும் வசதி அதில் உண்டு, உப்புச் சாரலில் கண்ணாடி துடைக்கும் வேலை ஒன்று மிச்சம்.

என் காசாக இருந்தால் செகண்ட் ஹேண்ட் இசட்7 டூவும் 14-30-உம். முக்கால்வாசி அருவியும் காடுமே எடுப்பவர் ஃபூஜி வாங்கலாம், தப்பில்லை. பாடிக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் இந்த வருடம் எதையும் வாங்காதீர்கள். டி7200-க்கே நல்ல வைட் லென்ஸ் ஒன்று பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள் கிரே இம்போர்ட் (அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத சரக்கு) விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் வாரண்டியை யார் ஏற்கிறார்கள், பழுதானால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.