பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடிக் குடுவையா?

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் தயாரிக்கத் தொடங்குவோர், சுமார் 19 லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றை நொதிக்க வைக்க, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியையோ குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையையோ நாடுகிறார்கள். வாளி விலை குறைவு, அகன்ற வாய் இருப்பதால் கையை உள்ளே விட்டுக் கழுவலாம்; ஆனால் நார் கொண்டு தேய்க்கையில் விழும் மெல்லிய கீறலில் கிருமி தங்கிவிட்டால் கிருமிநாசினி அதை முழுமையாக எட்டாது என்பதால், அத்தகைய வாளியை மாற்றிவிடுவதே நல்லது. கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, ஆக்சிஜனும் ஊடுருவாது. எனினும் ஈரக் கையிலிருந்து நழுவி உடைந்தால் ஆழமான வெட்டுக்காயம் உண்டாகும். கண்ணாடி வழியே வெயில் பட்டால், பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள் சிதைந்து பியர் நாற்றமடிக்கும்.

ஆயினும் பாத்திரத்தைவிட வெப்பநிலையே சுவையை அதிகம் தீர்மானிக்கிறது என்பேன். ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போது வெப்பம் வெளிப்படுவதால், அறை 20 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் உள்ளே உள்ள திரவம் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஏல் என்ற பியர் வகைக்கான ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு 18 முதல் 20 டிகிரி உகந்தது; முதல் சில நாட்களில் அது வெகுவாகக் கூடினால் தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்கள் உருவாகும். இதைத் தவிர்க்கப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத்துணி சுற்றினால் பெரும்பாலும் போதும். 10 டிகிரியளவில் நொதிக்கும் லாகர் என்ற பியர் வகைக்கோ, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பழைய ஃபிரிட்ஜ் வேண்டும். அக்கருவியின் உணரியைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே தடித்த துணியால் மூடினால்தான் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாமல் திரவத்தின் வெப்பத்தைக் காட்டும்.