அருகா, கொரியனா, எருமைப் புல்லா? வீட்டுப் புல்தரைக்கு ஒரு கணக்கு

நர்சரியில் போய் லானுக்குப் புல் வேண்டும் என்று சொன்னால், எத்தனை சதுர அடி என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்று கேட்பவர் அபூர்வம். அதைக் கேட்காமல் வாங்கிய புல்லைத்தான் பிற்பாடு உரம், மருந்து என்று போட்டுப் பச்சையாக்கப் படாத பாடு படுகிறோம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டு முற்றத்துக்குப் போட்டியில் இருப்பவை மூன்று: அருகு இனத்தைச் சேர்ந்த பெர்முடா, கொரியன், அகல இலை எருமைப் புல். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கிகுயு புல் நன்றாக வரும். அது மலைக்காரர்கள் பாடு. மெக்சிகன் என்ற பெயரில் கடைக்குக் கடை வேறு வேறு புல்லைக் காட்டுவதால் அதைச் சேர்க்கவில்லை. இணையத்தில் விற்கும் "வெளிநாட்டு லான் விதை" பாக்கெட்டுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அவற்றில் பல ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்நாட்டுப் புற்கள். விம்பிள்டனில் 8 மில்லிமீட்டருக்கு வெட்டிப் பராமரிக்கும் ரை புல் இங்கிலாந்துக் கோடைக்குச் சரி. நம் சித்திரை வெயிலில் அது தாக்குப்பிடிக்காது.

அருகு: வெயில் இருந்தால் வேறு யோசனை வேண்டாம்

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவது சும்மா இல்லை. அருகு தரைக்கு மேலே ஓடும் கொடியாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவும். நல்ல மண்ணில் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். தண்ணீர் இல்லாமல் மேலே காய்ந்து வைக்கோலாகிப் போனாலும், மழை பெய்ததும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். கடையில் கிடைக்கும் பெர்முடாவில் பல, இதே அருகின் மென்மையான கலப்பினங்கள். டிஃப்வே 419 போன்றவை அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உள்ள டிஃப்டனில் உருவானவை. இந்தக் கலப்பினங்கள் விதை கட்டாது, துண்டாக நட்டுத்தான் ஆக வேண்டும். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால், வெயில் காலத்தில் இரண்டு, இரண்டரை மாதத்தில் தரை மூடிவிடும். அதனால் இதற்கு வளர்ந்த புல்லைப் பாய் பாயாக வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் கிரிக்கெட் ஆடும் வீடா, நாய் வளர்க்கும் வீடா, அருகுதான். பெயர்ந்த இடத்தைத் தானே ஓடி மூடிக்கொள்ளும். ஆனால் அதே ஓட்டம்தான் தொந்தரவும். பூப்பாத்திக்குள் நுழையும், நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கும். வளரும் பருவத்தில் வாரம் ஒரு முறையாவது வெட்ட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக வெயில் விழுந்தால் மெலிந்து, நெட்டு நெட்டாகப் போய், நடுவே மண் தெரிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில் எவ்வளவு யூரியா போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

கொரியன்: அழகு உண்டு, அவசரம் ஆகாது

சாய்சியா இனத்துப் புல் இது. நெருக்கமாக, மெத்தை போல வரும். வேகம் மட்டும் கிடையாது. துண்டு துண்டாக ஊன்றினால் மூடுவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம். அதற்குள் இடையில் களை குடியேறிவிடும். ஆகவே கொரியன் வாங்குபவர்கள் பாயாகவே வாங்கி ஒட்ட ஒட்ட விரிப்பது நல்லது. செலவு கூடத்தான்.

மெதுவாக வளர்வதால் பராமரிப்பே தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வெட்டாமல் விட்டால் இது மேடு மேடாக உப்பும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று சிலர் அப்படியே விடுகிறார்கள். உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்: மேலே ஒரு விரற்கடை பச்சை, அடியில் முழுக்கப் பழுப்பு நிறக் காய்ந்த தண்டு. அந்தக் கட்டத்தில் ஒரே வெட்டாக வெட்டினால் பச்சை போய்ப் பழுப்புதான் மிஞ்சும், திரும்பப் பசுமையாக வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த அடுக்குக்குள் தண்ணீர் இறங்காது; மழைக்காலத்தில் பூஞ்சையும் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டிக்கொண்டே வந்தால் இந்தத் தொல்லை இல்லை. இலை முரடு என்பதால் கத்தி மழுங்கும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும்.

நிழலை அருகைவிடக் கொஞ்சம் பொறுக்கும். நாலைந்து மணி நேர வெயில் போதும். உப்புத் தண்ணீரில் இரண்டுமே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

எருமைப் புல் என்ற பெயரில் அகல இலை கொண்ட இரண்டு இனங்கள் கிடைக்கின்றன. இரண்டும் அரை நிழலில் வரும். மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே பகலில் பாதி நேரமே வெயில் விழும் இடத்துக்கு இதுதான் வழி. கார்பெட் கிராஸ் என்று சொல்லப்படும் வகைக்கு வேர் ஆழம் இல்லை, ஈரம் விட்டால் சீக்கிரம் வாடும், உப்பும் ஆகாது. தடித்த தண்டுள்ள செயின்ட் அகஸ்டின் வகை உப்பைத் தாங்கும். அதை 6 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டக் கூடாது. அருகை 3 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். எதுவானாலும் ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

தண்ணீரில்தான் கெடுக்கிறோம்

தினமும் மாலையில் டியூபைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தெளிப்பது மனதுக்கு நன்றாக இருக்கும், புல்லுக்கு அல்ல. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே நின்றுவிடும். ஒரு நாள் ஊருக்குப் போனாலும் வாடும். அருகு, கொரியன் இரண்டுக்கும் கோடையில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்து, அதை இரண்டு தவணையாக விடலாம். 20-க்கு 20 அடி முற்றம் சுமார் 37 சதுர மீட்டர். வாரத்துக்கு 900 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மணல் பாங்கான மண் என்றால் மூன்று தவணை. விட்டு முடித்தபின் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள், 10 சென்டிமீட்டர் சுலபமாக இறங்கினால் போதும். அடுத்து எப்போது விடுவது என்பதைப் புல்லே சொல்லும்: நடந்து போன காலடித் தடம் நிமிராமல் அப்படியே படிந்திருந்தால் தாகம் என்று அர்த்தம். கார்பெட் கிராஸுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு ஒத்துவராது, இரண்டு நாளைக்கு ஒரு முறை வேண்டும். நேரம் விடியற்காலைதான். ஐப்பசி, கார்த்திகையில் மாலைத் தண்ணீர் பூஞ்சைக்கு அழைப்பு.

உரத்திலும் அருகும் கொரியனும் ஒன்றல்ல. அருகுக்கு வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா, இலை ஈரமில்லாதபோது தூவி உடனே தண்ணீர். கொரியனுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கூடப் போட்டால் அந்தப் பழுப்பு அடுக்குதான் தடிக்கும். அருகை அடிக்கடி வெட்டுகிறவர்கள், வெட்டிய துணுக்குகள் சின்னதாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம், உரத்தில் ஒரு பங்கு மிச்சமாகும்.

மஞ்சளானால் உடனே யூரியாவை எடுக்காதீர்கள். கீழ் இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. புதுத் துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச் சத்து எட்டவில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணிலும் கடின நீரிலும் இது சகஜம். உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கேட்டு வாங்கி, லிட்டருக்கு 5 கிராம், மழைநீரிலோ குடிநீரிலோ கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். சில நாளில் நிறம் திரும்பும். போர்டிகோ டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை விழும், ஜாக்கிரதை.

கோரைக் களையைப் பொறுத்தவரை மூன்று புல்லுக்கும் ஒரே தலையெழுத்து. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தெரியும். பிடுங்கினால் மேல்பகுதி மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சங்கிலியாக இருந்து மறுபடி முளைக்கும். புல் போடுவதற்கு முன்பே கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு முளைக்கவைத்து, இன்னொரு முறை கொத்துவதுதான் உருப்படியான வழி. இதற்கு ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை. மக்காத சாணத்தை எருவாக வாங்கிப் போட்டால் களை விதையையும் சேர்த்து விதைத்த மாதிரி ஆகும்.

பிளாஸ்டிக் புல்லும் ஒரு போட்டியாளர்தானே என்று கேட்பீர்கள். நண்பகலில் வெறுங்காலோடு அதில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

மூன்று மணி நேரம்கூட வெயில் விழாத மாமரத்தடிக்கு மேலே சொன்ன எதுவும் வராது. அங்கே கல் பாவி, இடையில் நிழல் செடி வைப்பதே மேல். ஓரளவு வெயில் உண்டு, ஆனால் வாராவாரம் வெட்ட ஆளில்லை என்றால் பொடுதலையை யோசிக்கலாம். வயல் வரப்பில் தானாகப் படரும் அதே மூலிகைதான். தரையோடு தரையாக ஓடும், லேசான நடமாட்டத்தைத் தாங்கும், மாதக்கணக்கில் வெட்டாமல் விடலாம். பூவுக்குத் தேனீ வரும் என்பதால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம்.