விருந்தினருக்கு வீட்டில் இடம் தரும் சங்கம்: ரைன்லாந்து-ஃபால்ட்ஸில் ஒரு நட்பு நகரச் சங்கத்தின் கலாசாரப் பணிகள்

ஜெர்மனியின் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்தில் சிறிய ஊர்கள் பலவற்றுக்கும் பிரான்ஸில் ஒரு நட்பு நகரம், அதாவது முறைப்படி நட்புறவு செய்துகொண்ட ஊர், உண்டு; அந்த உறவை வளர்க்க ஊர்க்காரர்களே நடத்தும் பதிவுபெற்ற சங்கமும் பெரும்பாலும் இருக்கும். மாநிலத் தலைநகரான மைன்ஸ் 1958இல் பிரான்ஸின் டிஜோன் நகருடன் நட்பு நகர உறவு கொண்டது; 1962இல் மாநிலமே டிஜோன் அமைந்துள்ள பர்கண்டிப் பகுதியுடன் கைகோத்தது. இரு நாட்டு அரசுகளும் நட்புறவுக்கான எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1963 ஜனவரி 22ஆம் தேதிதான் என்பதை எண்ணிப் பார்த்தால், பகையை மறப்பதில் ஊர்கள் எவ்வளவு முந்திக்கொண்டன என்பது விளங்கும். நான் வசிக்கும் ஊரின் சங்கமும் பர்கண்டியில் உள்ள ஒரு சிற்றூரோடு இந்த உறவைப் பேணி வருகிறது. அதில் உறுப்பினராக இருக்கும் நான், சேரலாமா என்று யோசிக்கும் பிறருக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வீடுகளிலும் சமையலறையிலும் இச்சங்கம் செய்யும் வேலை மிகச் சிறப்பானது. அதிகாரபூர்வ உரை மேடையில் செய்யும் வேலை சுமார்தான்.

ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி பேருந்துப் பயணம். இயேசுவின் விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமையில் வருவதாலும், அன்று இரு நாடுகளிலும் பொது விடுமுறை என்பதாலும், வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நான்கு நாட்கள் கிடைத்துவிடுகின்றன. ஓராண்டு நாம் அங்கே போவோம். அடுத்த ஆண்டு அவர்கள் இங்கே வருவார்கள். தங்குவது விடுதியில் அன்று, வீடுகளில். யாரை எந்த வீட்டில் தங்க வைப்பது என்பதைச் செயலாளர் முடிவு செய்கிறார். அதற்காக முன்கூட்டியே தரப்படும் படிவத்தில் வீட்டில் பூனை உண்டா, படி ஏற முடியுமா, புகை பிடிப்பவரா, எந்த மொழி ஓரளவேனும் பேச வரும் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். பிறகு தோட்டக்காரரைத் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டிலும், கைக்குழந்தையோடு வருபவரைப் பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டிலும் சேர்த்துவிடுவார். இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலைதான் சங்கத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். அப்படி ஒருமுறை அறிமுகமான குடும்பங்கள், சங்கம் கூப்பிடாமலேயே ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போய்வருவதைப் பார்க்கிறேன்.

சமையல் மாலை அதற்கு அடுத்து வருகிறது. பள்ளிச் சமையற்கூடத்தில் இரு ஊர்க்காரர்களும் தத்தம் பண்டத்தைச் செய்து காட்டுவார்கள். இங்குள்ளவர்கள் செய்வது டாம்ஃப்நூடல். யீஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்ட கோதுமை மாவை உருட்டி, அடிகனமான வாணலியில் கொழுப்பும் உப்புத் தண்ணீரும் ஊற்றி, உருண்டைகளை அடுக்கி மூடிவிட வேண்டும். இடையில் மூடியைத் திறந்தால் ஆவி போய் உருண்டைகள் அமுங்கிவிடும் என்பதால் காதை நம்பித்தான் சமைக்க வேண்டியிருக்கிறது: தண்ணீர் கொதிக்கும் ஒலி அடங்கி, அடியில் சடசடவெனப் பொரியும் ஓசை எழுந்தால் வெந்துவிட்டது என்று பொருள். மேலே பஞ்சுபோல் வெளுத்தும், அடியில் உப்புக் கரித்துப் பொன்னிறமாக முறுகியும் இருக்கும் அதை, வெனிலா சாஸோடு அல்லது உருளைக்கிழங்கு சூப்போடு சாப்பிடுகிறார்கள். பர்கண்டிக்காரர்கள் பாலாடைக்கட்டி கலந்த மாவைச் சிறு சிறு உருண்டைகளாகச் சுட்டெடுக்கும் கூஜேர் செய்தார்கள். வாணலியைச் சுற்றிப் பத்துப் பேர் மூச்சடக்கிக் காத்திருந்த அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இருக்கவில்லை.

கூட்டுப் பாடகர் குழுவின் கச்சேரியையும் தவறவிட வேண்டாம். இரு குழுக்களும் தனித்தனியே பழகிவிட்டு, கச்சேரிக்கு முந்தைய நாள்தான் சேர்ந்து ஒத்திகை பார்க்கின்றன. சுருதி சேர்வதற்குள் வியர்த்துவிடுகிறது, ஆனால் மேடையில் சேர்ந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் சந்தையில் பிரெஞ்சு விருந்தினர் போடும் கடையும், ஒயின் சுவைக்கும் மாலையும் வழக்கமானவை, குறையில்லை.

அதிகாரபூர்வ விருந்து மாலைதான் பொறுமையைச் சோதிக்கிறது. நகரத் தலைவர், சங்கத் தலைவர், நட்பு ஊரின் தலைவர் என ஒவ்வொருவரும் பேச, ஒவ்வொரு பத்தியும் உடனுக்குடன் மொழிபெயர்க்கப்படுவதால் உரையின் நேரம் இரட்டிப்பாகிறது. சாப்பாடு மேசைக்கு வரும்போது குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். உரைகளை அச்சிட்டு இரு மொழிகளிலும் மேசையில் வைத்துவிட்டாலே பாதிச் சிரமம் தீரும். இதற்கு நேர்மாறாக, நவம்பரில் போரில் மாண்டவர்களை நினைவுகூரும் ஞாயிறன்று இரு ஊர்களின் பிரதிநிதிகளும் சேர்ந்து மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி மிகச் சுருக்கமாக, மிகுந்த கண்ணியத்தோடு நடக்கிறது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தோளோடு தோள் நிற்கிறார்கள். இந்தச் சங்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவரை முதலில் அங்கேதான் அழைத்துச் செல்வேன்.

என் உண்மையான கவலை வேறு. விருந்தோம்பும் வீட்டார் பலருக்கும் வயதாகிவிட்டது; மாடிப்படி ஏறி விருந்தினர் அறையைத் தயார் செய்ய இயலாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறார்கள்; அதனால் விடுதியில் அறை போட்டுவிடலாம் என்ற பேச்சு பொதுக்குழுவில் எழத் தொடங்கியிருக்கிறது. அதை ஏற்றால் மிஞ்சுவது ஒரு சுற்றுலா மட்டுமே. மறுபுறம், ஊரில் குடியேறிய இளம் குடும்பங்களுக்கு இப்படி ஒரு சங்கம் இருப்பதே தெரிவதில்லை, ஏனென்றால் அறிவிப்புகள் நகராட்சி இதழிலும் உறுப்பினருக்கு வரும் கடிதத்திலும் மட்டுமே வெளியாகின்றன. பேருந்து இருக்கைகளும் பழைய உறுப்பினர்களாலேயே நிரம்பிவிடுகின்றன. இளைஞர் சந்திப்புகளுக்கு 1963 முதல் ஜெர்மன்-பிரெஞ்சு இளைஞர் அமைப்பு நிதி தருகிறது. இரு நாடுகளும் 2019இல் செய்துகொண்ட ஆகன் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, பொதுமக்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கென 2020 முதல் தனி நிதியமும் செயல்படுகிறது. இவற்றைப் பயன்படுத்திப் புதியவர்களுக்கென ஒரு பயணம் ஏற்பாடு செய்வது முடியாத காரியம் அன்று.

ஆண்டுச் சந்தா தனிநபருக்கு 25 யூரோ. கிடைப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்றாட ஜெர்மன் போதும். மாதந்தோறும் உணவகத்தில் கூடும் பிரெஞ்சு உரையாடல் வட்டம் வேகமாகப் பேசுபவர்களின் கையில் இருப்பதால், தொடக்கநிலையினர் அதை விட்டுவிட்டுச் சமையல் மாலையிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால், சந்தா கட்டும் அன்றே அதைச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.