எம்ஜிபிக்கு எந்த சென்டர் மிரர்?

நண்பரின் எம்ஜிபி ரோட்ஸ்டரில் (கூரை மடக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) சென்டர் மிரர் போய்விட்டது. ரசம் ஓரமெல்லாம் கறுத்து, பின்னால் வருவது லாரியா மாட்டுவண்டியா என்று யூகிக்க வேண்டிய நிலை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உப்புக்காற்று படுகிற இடத்தில் நிற்கும் காருக்கு இது நடக்கத்தான் செய்யும். மாற்ற மூன்று வழிகள் இருந்தன: பழைய மாதிரியிலேயே முன்கண்ணாடி நடுவில் நிற்கும் கம்பியைக் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் மிரர், முன்கண்ணாடியில் ஒட்டுகிற மிரர், பழையதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் அகல மிரர்.

அகல மிரரை முதலிலேயே தள்ளிவிடலாம். விலை மலிவுதான். ஆனால் இருக்கிற மிரரே ஆடுகிறது, அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால் ஆட்டம் கூடும். குவிந்த கண்ணாடியாக இருந்துவிட்டால் பின்னால் வரும் பஸ் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். ஓவர்டேக் செய்யும்போது அதை நம்பி வெளியே எடுக்க முடியுமா?

ஒட்டுகிற வகை அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. கம்பியின் அதிர்வு அதற்கு வராது, பார்வை தெளிவாக நிற்கும். நண்பர் பார்த்து வைத்ததில் இரவுக்கான லீவரும் உண்டு. அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவில் இருக்கும். லீவரைத் தட்டினால் ரசப்பக்கத்தின் வெளிச்சம் கூரைக்குப் போய்விடும், முன்பரப்பில் பட்டுத் திரும்பும் சுமார் 4 சதவீதம்தான் கண்ணுக்கு வரும். ராத்திரியில் கிருமாம்பாக்கம் தாண்டிக் கடலூர் போகும்போது, பின்னால் ஹைபீம் போட்டு ஒட்டிக்கொண்டே வரும் லாரியை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிக்கல் பசையில்தான். கூரை மடக்கிய கார், சித்திரை வெயில். கண்ணாடியைச் சுத்தமாகத் துடைக்காமல் ஒட்டினால் ஒருநாள் கழன்று மடியில் விழும். நன்றாக ஒட்டிவிட்டாலோ, பின்னால் பிடுங்கும்போது முன்கண்ணாடியே சில்லு போகலாம். அந்த முன்கண்ணாடி இங்கே கடைகளில் கிடைக்கிற சாமானா என்ன?

கிளாம்ப் வகையை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், சுங்க வரி வேறு. லீவரும் கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபியில், பெரும்பாலான ரோட்ஸ்டர்களுக்கு முன்கண்ணாடி ஃப்ரேமின் நடுவே ஒரு கம்பி நிற்கும். அது ஃப்ரேமை இழுத்துப் பிடிக்கும் கம்பி, மிரர் அதில் தொற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அதனால் மிரரை மேலும் கீழும் நகர்த்தலாம். நண்பர் ஆறடி ஆள். தாழ்வாக இருந்தால் இடப்பக்கச் சந்திலிருந்து வரும் ஸ்கூட்டியை மிரர் அப்படியே மறைத்துவிடும். ஒட்டுகிறதில் இடம் தப்பினால் தப்பியதுதான்.

"ஆடுறது மிரர் இல்ல சார், கம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். பார்த்தால் கம்பியின் நட் தளர்ந்து, மரையில் துரு. துருவைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, ஃப்ரேம் வளையாத அளவுக்கு இறுக்கினார். கம்பி நடுவில்தான் அதிகம் அதிரும் என்பதால் கிளாம்பை மேல்முனைப் பக்கம் ஏற்றிவிட்டு, அதன் ஸ்க்ரூவுக்கு மட்டும் எவர்சில்வர் போட்டார். வேலை அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அரியாங்குப்பம் பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் கியரில் கொஞ்சம் நடுக்கம், நான்காவதில் பின்னால் வந்த பைக்கின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது. திரும்பும்போது மழை தூற, கூரையை இழுத்துப் போட்டோம். பின்சன்னல் பிளாஸ்டிக் மஞ்சளடித்திருந்ததில் புது மிரரில் ஒன்றுமே தெரியவில்லை. நண்பர் இப்போது கதவு மிரருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.