நோயாளி சொல்வதா, துணை சொல்வதா?

மருத்துவர் கேட்கும் விவரங்களில் எதை யார் சொன்னால் நம்பலாம்? கண்ணுக்குத் தெரிவதைத் துணை, அதாவது மனைவியோ கணவரோ, சரியாகச் சொல்வார். உள்ளே உணர்வதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும் நோயாளிக்கே தெரியாது. இங்கே மனைவி அல்லது கணவரின் சொல்லுக்கே எடை அதிகம், தனி அறையில் தூங்கும் தம்பதிகளைத் தவிர. இரண்டு நிமிட செல்போன் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

மறதியிலும் அப்படித்தான். நோய் முற்ற முற்ற, தனக்கு மறதி இருப்பதே நோயாளிக்குப் புரியாமல் போகலாம். நினைவிலும் சிந்தனையிலும் மாற்றம் உண்டா என்று கேட்கும் ஏடி8 என்ற 8 கேள்விப் படிவத்தை உடன் இருப்பவரிடம் கேட்பதே மேல். இரண்டு அல்லது அதற்கு மேல் 'ஆம்' வந்தால் அடுத்தகட்டப் பரிசோதனை தேவை. அதுவே நோய் உறுதி ஆகாது. பராமரித்துக் களைத்துப்போன துணை நிலைமையைக் கூட்டிச் சொல்லக்கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வலி, மனச்சோர்வு, மலச்சிக்கல் என்றால் கதை மாறும். வெளியே தெரிவதை வைத்து ஊகிப்பதால் துணையின் பதில் தவறிவிடும். நோயாளியால் பேச முடிந்தால் அவரிடமே கேளுங்கள்.

சிகரெட், மது பற்றி இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் குடிப்பதுதான் துணைக்குத் தெரியும், வெளியே குடிப்பது தெரியாது. ஒருவர் எதிரில் மற்றவரை வைத்துக் கேட்டால் இருவருமே மழுப்புவார்கள்.

மாத்திரை விஷயத்தில் இருவர் நினைவையும் நம்பாதீர்கள். 'வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்றால், அது சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமா, 1000-ஆ என்று எப்படித் தெரியும்? அட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கள்.